டிராகன் மேல் பழி போடாதீர்கள்!

தலை நரைத்த நாலைந்து பேர். ஒருவர் கம்ப்யூட்டர் எஞ்சினீயர், ஒருவர் ஸ்கூல் வாத்தியார், ஒருவர் பாங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “நான் கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்” என்கிறார் ஒருவர். “நான் தீவட்டியைத் தூக்கிப் பிடிக்கிறேன்” என்கிறார் இன்னொருவர். அங்கே தீவட்டியும் இல்லை, கதவும் இல்லை. மேஜை மேல் கொஞ்சம் பகடை, பென்சில், கட்டம் போட்ட தாள், அவ்வளவுதான்!

‘ஐயோ பாவம், நல்லாத்தானே இருந்தாங்க!’ என்று தோன்றுகிறதா? தோன்ற வேண்டாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்படி வாராவாரம் கூடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் ஆடுவது அரை நூற்றாண்டுக்கு முன்னால் பிறந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்கிற விளையாட்டு. அதிலும், புதுசாக வந்த பதிப்பை ஒதுக்கிவிட்டு, தாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த பழைய பதிப்பைத் தூசி தட்டி எடுத்து ஆடுகிறார்கள்.

‘சரி, அதுக்கும் ஹெல்த்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்கிறீர்களா? நிறையவே இருக்கிறது. ஒரு காலத்தில் இதே விளையாட்டு ‘பிள்ளைகளின் மனசைக் கெடுக்கிறது, உயிரையே வாங்குகிறது’ என்று அமெரிக்காவையே கலங்க அடித்தது. பெற்றோர்கள் பெட்டியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். அந்தப் பயத்தில் அவர்கள் பார்க்கத் தவறியது எதை என்பதுதான், பிள்ளை வளர்க்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

செருப்புத் தைத்தவர் செய்த புரட்சி!

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை 1970-ல் இழந்தார். வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள். பிழைப்புக்கு வீட்டிலேயே செருப்பு ரிப்பேர் செய்தார். மிச்ச நேரத்தில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிமுறை எழுதுவார்.

பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் ஒரு புதுமை செய்திருந்தார். ‘ஆளுக்கு ஒரு படை எதற்கு? ஆளுக்கு ஒரே ஒரு வீரன் போதுமே! அவன் சாகசத்துக்குப் போகட்டும்’ என்று ஆடிக்காட்டினார். கைகாக்ஸுக்குப் பொறி தட்டியது. தன் பிள்ளைகளில் இருவரை உட்காரவைத்தே முதலில் ஆடிப் பார்த்தார்.

1974-ல் மூன்று சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியானது. விலை 10 டாலர். அச்சடித்தது வெறும் 1000 பிரதி. அந்தப் பெட்டி இன்று ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது!

1977-ல் ‘புரியவே இல்லையே!’ என்று தவித்த புது ஆட்டக்காரர்களுக்காக எளிமையான ‘பேஸிக்’ பெட்டி வந்தது. அதைத் தொகுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஜே. எரிக் ஹோம்ஸ் என்கிற நரம்பியல் டாக்டர்! மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். மூளையைப் பற்றிப் பாடம் நடத்தியவரே ஆர்வத்தோடு முன்வந்து எழுதிய விதிகள் அவை.

எப்படி ஆடுவது?

நம் தாயம், பரமபதம் மாதிரி இதில் பலகை கிடையாது. காய் நகர்த்திப் பழம் எடுப்பதும் கிடையாது. ஜெயிப்பவர், தோற்பவர் என்றுகூட யாரும் இல்லை. எல்லோரும் ஒரே கட்சி!

ஒருவர் கதை சொல்லி. அவருக்கு ‘டன்ஜன் மாஸ்டர்’ என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று எடுத்துக்கொள்வார்கள். மாஸ்டர் சொல்வார்: “பாழடைந்த கோட்டை. படிக்கட்டு கீழே இறங்குகிறது. உள்ளேயிருந்து ஈர வாடை வருகிறது. என்ன செய்கிறீர்கள்?”

அந்த ‘என்ன செய்கிறீர்கள்?’தான் மொத்த விளையாட்டும். கல்லை எறிந்து பார்க்கலாம். கயிறு கட்டி இறங்கலாம். ‘எனக்கு எதுக்கு வம்பு’ என்று திரும்பியும் போகலாம். முடிவு சந்தேகமாக இருக்கும்போது மட்டும் பகடை உருளும்.

பகடையும் நம் வீட்டுப் பகடை மாதிரி ஆறு பக்கம் மட்டும் இல்லை. 4, 8, 12, 20 பக்கம் கொண்டவையும் உண்டு. பழைய பெட்டிகளில் வந்த பகடைகளில் எண்கள் சரியாகத் தெரியாது. கூடவே ஒரு மெழுகு கிரேயான் கொடுப்பார்கள். அதைத் தேய்த்து எண்களை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு சமயம் பகடைக்கே பஞ்சம் வந்து, எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பியதும் நடந்தது!

பாத்திரத்தின் பலம், புத்தி, விவேகம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, பிறரைக் கவரும் தன்மை என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்றிலும் ஆறு விழுந்து 18 கிடைக்க 216-ல் ஒரே ஒரு வாய்ப்புதான். அதனால் பெரும்பாலும் நம்மைப் போன்ற சாதாரண ஆள்தான் கிடைப்பார். அந்தச் சாதாரண ஆளை வைத்துக்கொண்டு சமாளிப்பதில்தான் ருசி.

பயம் கிளம்பிய கதை

1979 ஆகஸ்ட். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 16 வயது மாணவன் ஒருவன் திடீரென்று காணாமல் போனான். அபார புத்திசாலி. அதனால்தான் அந்த வயதிலேயே காலேஜ். அவனைத் தேட வந்த தனியார் துப்பறிவாளர் வில்லியம் டியர், ‘பையன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவான். பல்கலைக்கழகத்துக்கு அடியில் உள்ள நீராவிக் குழாய்ச் சுரங்கத்தில் ஆடப்போய் மாட்டிக்கொண்டிருக்கலாம்’ என்று ஒரு யூகத்தைச் சொன்னார். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? ‘விளையாட்டு விழுங்கிய மாணவன்’ என்கிற ரீதியில் நாடு முழுக்கச் செய்தி பறந்தது.

சில வாரம் கழித்து, பையன் வேறு மாநிலத்தில் உயிரோடு கிடைத்தான். விளையாட்டுக்கும் அவன் போனதற்கும் சம்பந்தமே இல்லை. 1984-ல் டியரே எழுதிய புத்தகத்தில் விஷயத்தை உடைத்தார். சுரங்கத்துக்குள் பையன் போனது ஆடுவதற்கு அல்ல, உயிரை விட்டுவிடும் எண்ணத்தோடு. தன்னைவிட வயதில் மூத்தவர்கள் நடுவே தனிமை, படிப்பில் ‘இன்னும் இன்னும்’ என்ற நெருக்கடி, போதைப் பழக்கம், ஆழமான மனச்சோர்வு... இத்தனையும் அந்தச் சின்னத் தலைக்குள். அவன் திரும்பி வந்தும் அந்தச் சுமை இறங்கவில்லை. 1980-ல் அவன் வாழ்க்கை அவன் கையாலேயே முடிந்தது.

ஆனால் உண்மை வெளியே வருவதற்குள் வதந்தி ஊரைச் சுற்றி முடித்துவிட்டது. 1981-ல் ரோனா ஜாஃபி இந்தப் பரபரப்பை வைத்து ‘மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ நாவல் எழுதினார். அடுத்த வருஷமே அது டெலிவிஷன் படமானது. அதில் நடித்த இளைஞர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டாம் ஹாங்க்ஸ். 1983-ல், தற்கொலையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், விளையாட்டுதான் காரணம் என்று நம்பி, அதை எதிர்த்து ஓர் இயக்கமே தொடங்கினார். 1985-ல் ‘60 மினிட்ஸ்’ என்ற பிரபல டி.வி. நிகழ்ச்சியும் இதைக் கையில் எடுத்தது. பள்ளிக்கூடங்களிலும் சர்ச்சுகளிலும் எதிர்ப்பு கிளம்பியது.

அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. பெற்ற வயிறு காரணம் தேடத்தான் செய்யும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பெட்டி மேல் பழி விழும்போது, கண்ணுக்குத் தெரியாத நோய் தப்பித்துவிடுகிறதே! அதுதான் ஆபத்து.

ஆராய்ச்சி என்ன சொன்னது?

மனநல ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1987-ல் அர்மாண்டோ சிமோன் என்பவர் ஆட்டக்காரர்களின் மன உறுதியை அளந்து பார்த்தார். அதிக காலம் ஆடியவர்களின் மனம் மற்றவர்களைவிடத் தடுமாறி இருக்கவில்லை. 1998-ல் வெளியான இன்னொரு ஆய்விலும் ஆடுகிறவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும் மனச்சோர்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டில், மனம் நொந்த சில பிள்ளைகளும் இருக்கத்தான் செய்வார்கள். அதனால் விளையாட்டுதான் நோவைக் கொடுத்தது என்று ஆகிவிடாது.

இதைவிட ஆச்சரியம் 1994-ல். வெய்ன் பிளாக்மன் என்ற மனநல டாக்டர், யாரோடும் ஒட்டாமல் தனக்குள்ளேயே சுருங்கிப்போன ஓர் இளைஞருக்கு இதே விளையாட்டைச் சிகிச்சையின் பகுதியாகப் பயன்படுத்தியதை மருத்துவ இதழில் எழுதினார். நேராகக் கேட்டால் பேசாதவர், பாத்திரத்தின் வாய் வழியாகத் தன் கோபத்தையும் பயத்தையும் வெளியே கொண்டுவந்தார். இன்று அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் இயங்கும் ‘கேம் டு குரோ’ போன்ற அமைப்புகள், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கும் ஆட்டிஸம் உள்ள பிள்ளைகளுக்கும் பழகும் திறனை வளர்க்க இம்மாதிரி விளையாட்டுகளைக் கையாளுகின்றன.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. அங்கே குணம் தருவது பகடை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கிற, பயிற்சி பெற்ற மனிதர்.

புதுசு இருக்க, பழசு ஏன்?

இனி நம் நரைத்த தலைகளுக்கு வருவோம். 1981-ல் டாம் மோல்ட்வே திருத்திய ‘பேஸிக்’ பெட்டி வந்தது. ‘10 வயது முதல்’ என்று அட்டையிலேயே போட்டிருந்தது. உள்ளே இருந்த விதிப் புத்தகம் 64 பக்கம். 2024-ல் வந்த புதுப் பதிப்பில், ஆடுகிறவர்களுக்கான புத்தகம் மட்டுமே 384 பக்கம்! ‘பரீட்சைக்கா படிக்கிறோம்?’ என்று பழைய ரசிகர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறதுதானே?

இடையில் கம்பெனியும் கை மாறியது. 1997-ல் ‘விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ வாங்கியது. 1999-ல் அதையே ‘ஹாஸ்ப்ரோ’ வாங்கியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்போடு, ‘எங்கள் விதிகளை ஆதாரமாக வைத்து நீங்களும் எழுதிக்கொள்ளலாம்’ என்று ஓர் உரிமமும் தந்தார்கள். ரசிகர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கடையில் கிடைக்காமல் போன பழைய விதிகளை, சட்டத்துக்கு உட்பட்டுத் தாங்களே மறுபடி எழுதி வெளியிட்டார்கள். 2006-ல் ‘ஆஸ்ரிக்’, 2007-ல் ‘லாபிரிந்த் லார்ட்’, 2019-ல் ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ என்று வரிசையாக வந்தன. இந்த இயக்கத்துக்கு ‘பழைய பாணியின் மறுமலர்ச்சி’ என்றே பெயர். ரசிகர்களின் ஆர்வத்தைப் பார்த்து, கம்பெனியே 2012-ல் பழைய புத்தகங்களை மறுபதிப்புப் போட்டது.

2008-ல் கைகாக்ஸ் இறந்தார். அடுத்த ஆண்டு ஆர்னசனும் போய்விட்டார். கைகாக்ஸின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து ஆடினார்கள். அதுவே ‘கேரி கான்’ என்ற பெயரில் வருஷா வருஷம் நடக்கும் கூட்டமாக வளர்ந்துவிட்டது.

பழைய விதிகளில் அப்படி என்ன விசேஷம்? மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, உயிர் மலிவு. புதிதாகக் கிளம்பும் மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி பெரும்பாலும் நான்குக்குள்தான். ஒரு கத்திக் குத்தில் ஆள் காலி! அவனுக்குத் தெரிந்த மந்திரமோ நாளைக்கு ஒன்று. அதனால் யோசித்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, சண்டைக்குப் பரிசு குறைவு. கொன்று கிடைக்கும் மதிப்பெண்ணைவிட, புதையலைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் கிடைக்கும் மதிப்பெண் அதிகம். எதிரே வரும் அரக்கன்கூட உடனே பாய்ந்துவிட மாட்டான். அவன் மனநிலையை அறியவும் பகடை உண்டு. பேச்சுவார்த்தையில் முடித்துக்கொள்ளலாம்! ‘வன்முறை விளையாட்டு’ என்று பெயர் வாங்கியதில் இப்படி ஒரு விதி.

மூன்றாவது, விதி குறைவு, பேச்சு அதிகம். புத்தகத்தில் இல்லாததை எல்லாம் மேஜையைச் சுற்றி உள்ளவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். போகிற வழியைக் கேட்டுக் கேட்டு, கட்டத் தாளில் ஒருவர் படம் வரைய வேண்டும். கவனம் சிதறினால் வழி தப்பிவிடும்.

உடம்புக்கும் மனசுக்கும் என்ன லாபம்?

தனிமை என்பது வெறும் மனக்கஷ்டம் இல்லை, உடம்பையும் பாதிக்கிறது என்று டாக்டர்கள் இப்போது அழுத்திச் சொல்கிறார்கள். 2023-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டார். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிவித்தது. ஐம்பது வயதுக்கு மேல் புது சிநேகிதம் பிடிப்பது சுலபமா என்ன? ‘சும்மா வாங்க, பேசுவோம்’ என்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். ‘சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆட்டம். நீங்க இல்லேன்னா கதவைத் திறக்க ஆள் இல்லை’ என்றால் வந்துவிடுவார்கள்!

மூளைக்கும் வேலை. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல வருஷம் கவனித்து, டாக்டர் ஜோ வர்கீஸ் குழுவினர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படிப்பது, வாத்தியம் வாசிப்பது, நடனம், மேஜை விளையாட்டுகள் ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வந்தது குறைவாக இருந்தது. இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் பற்றிய ஆய்வு இல்லை. ‘விளையாடினால் நோய் வராது’ என்று கியாரண்டியும் இல்லை. மூளையைச் சும்மா போட்டு வைக்காதீர்கள் என்பதற்கு ஒரு நல்ல அடையாளம், அவ்வளவே.

கவனிக்க வேண்டியவை

* ஆட்டம் நாலு மணி, ஐந்து மணி நேரம் ஓடும். பழைய விதியில் ஒரு சட்டம் உண்டு. பாத்திரங்கள் ஐம்பது நிமிஷம் நடந்தால் பத்து நிமிஷம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அதையே திருப்பிப் போடுங்கள். ஐம்பது நிமிஷம் உட்கார்ந்தால் பத்து நிமிஷம் எழுந்து நடக்க வேண்டும்!

* சிப்ஸ் பாக்கெட்டும் கோலா பாட்டிலும் இந்த மேஜையின் நிரந்தர விருந்தாளிகள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குச் சுண்டல், பழம், மோர் மேல்.

* நடு ராத்திரி தாண்டும் ஆட்டம் தூக்கத்தைத் திருடும். எத்தனை மணிக்கு முடிப்பது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

* பகடைகள் சின்னவை. தவழும் குழந்தை உள்ள வீட்டில் எண்ணி எடுத்து வையுங்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

* பழைய பெட்டியைத்தான் வாங்குவேன் என்று ஏலத்தில் குதித்தால் பர்ஸுக்குக் காய்ச்சல் வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் விதிகளே போதும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

விளையாட்டு எதுவாகவும் இருக்கட்டும். பையனோ பெண்ணோ ஆடிவிட்டு எழுந்து வந்து, “அம்மா, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா...” என்று வாய் ஓயாமல் கதை சொல்கிறார்களா? கவலையே வேண்டாம்.

ஆனால், ஆசையாகச் செய்ததில் எல்லாம் விருப்பம் விட்டுப்போவது, சிநேகிதர்களை ஒதுக்குவது, சாப்பாடும் தூக்கமும் தாறுமாறாவது, மார்க் சட்டென்று சரிவது, தனக்குப் பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, ‘நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி’ என்கிற மாதிரி பேசுவது... இவையெல்லாம் எச்சரிக்கை மணி. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிய பேச்சோ, ‘நான் இல்லேன்னா’ என்கிற மாதிரி பேச்சோ வந்தால், பிடித்த பொருட்களைக் கொடுத்துவிட ஆரம்பித்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ‘கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ’ என்ற பயம் வேண்டாம். பரிவோடு நேராகக் கேட்பது ஆபத்தைக் குறைக்குமே தவிர, கூட்டாது. இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம்.

முக்கியமாக, எதையாவது பிடுங்கி எறிவதால் பிரச்னை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அன்று பெட்டி, பிறகு வீடியோ கேம், இன்று செல்போன்... பழி சுமக்க ஒரு பொருள் எப்போதும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். மனச்சோர்வு உள்ள பிள்ளையிடமிருந்து, அவனோடு பேசுகிற நாலு சிநேகிதர்களையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டால், அவனுக்கு மிச்சம் என்ன?

அதற்குப் பதில், ஒரு சாயங்காலம் நீங்களும் போய் அந்த மேஜையில் உட்காருங்கள். ‘எனக்கு ஒண்ணும் புரியலைடா, சொல்லிக்கொடு’ என்று கேளுங்கள். பிள்ளையின் முகம் மலரும் பாருங்கள்! கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிகிறதோ இல்லையோ, உங்கள் பிள்ளையின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சமாவது தெரியும்.